அரியலூர்ப் பாறைகளும் நமது கடமையும்

கல்லுக்கும் மண்ணுக்கும் முந்தியது நமது குடி என்று மேடைதோறும் மார்தட்டிப் பேசுவதில் நாம் எவர்க்கும் இளைத்தவரல்லோம். ஆயின் அந்தக் கல் எது, அந்த மண் எது, அவை எக்காலத்தில் எவ்வாறு தோன்றின என்று ஒரு சிறுவன் கூட்டத்தில் எழுந்து கேட்பானாயின், மேடைமீது வீற்றிருப்போரில் விடை கூறவல்லார் எத்தனை பேர்? விடைக்காக அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. அது தமிழ்நாட்டின் நடுவே, அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களில், வயல் வரப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் விரிந்து கிடக்கிறது. உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் அதை ஒன்றே முக்கால் நூற்றாண்டாகப் படித்து வருகின்றனர். நாமோ அதனை அரைத்து, சிமெண்டு மூட்டையாகக் கட்டி அனுப்பி வருகிறோம். எது காக்கத்தக்கது, எது வெட்டத்தக்கது என்ற ஆராய்ச்சியேனும் நம்மிடையே நடைபெற்றதா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

இற்றைக்கு ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகட்கு முன்னர், பாரத பூமி தென்பாகத்துப் பெருங்கண்டத்தினின்றும் பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், கீழ்க்கடல் உள்ளே புகுந்து இப்பிரதேசத்தை மூடிற்று. அன்று இமயம் இல்லை. மனித குலத்தின் நிழலும் இல்லை. மேற்கிலிருந்த பழம் பாறை மேடுகளினின்று மழையும் ஆறும் அரித்துக் கொணர்ந்த மணலும் களியும் அக்கடலின் அடியில் அடுக்கடுக்காகப் படிந்தன. மாண்ட உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் அப்படிவில் புதைந்தன. மேன்மேலும் விழுந்த வண்டலின் பாரம் அழுத்த, நீரில் கரைந்திருந்த சுண்ணம் சாந்தாக நின்று பிணைக்க, சேறு கல்லாயிற்று. சேற்றில் கிடந்த சங்கும் சிப்பியும் கல்லாயின. இவ்வாறு உண்டான கல்லையே படிவுப் பாறை என்பர். கடல் ஒரே முறை வந்து ஒரே முறை போகவில்லை. முன்னேறியும் பின்வாங்கியும், மீண்டும் முன்னேறியும், நான்கு கோடி ஆண்டுகட்கு மேல் தன் வரலாற்றைத் தானே எழுதிச் சென்றது. இன்றைய வங்கக் கடற்கரை அரியலூருக்கு 50 மைல் அளவு கிழக்கே உள்ளது. அன்றைய கடல் விட்டுச் சென்ற ஏடுகள் இங்கேயே உள்ளன.

அவ்வேடுகளைச் சாஸ்திரிகள் ஊட்டத்தூர் வரிசை, திருச்சிராப்பள்ளி வரிசை, அரியலூர் வரிசை என மூன்றாகப் பகுத்துள்ளனர். அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்துள்ளமையால், மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவன் பழமையிலிருந்து புதுமைக்கு நடக்கிறான். மேற்கே காரைக் கிராமத்தருகில் மழைநீர் அறுத்த களிமண் பள்ளங்களில் ஜிப்சம் நரம்புகள் வெயிலில் மின்னுகின்றன; அங்கே அம்மோனைட் என்னும் சுருளோட்டு உயிர்களும், கணவாய் இனத்தைச் சேர்ந்த பெலம்நைட்டின் அம்பு போன்ற உள்ளோடுகளும், சுறாவின் பற்களும் கிடைக்கின்றன. கல்லக்குடியில் பவளமும் கடற்பாசியும் சேர்ந்து கட்டிய சுண்ணாம்புப் பாறை, அங்கே வெதுவெதுப்பான தெளிந்த கடல் இருந்ததற்குச் சாட்சி. கிழக்கே கல்லங்குறிச்சியில் தடித்த ஓடுடைய சிப்பிகள் திட்டுத்திட்டாகக் குவிந்து பாறையாயிருக்கின்றன. அப்பால் கல்லமேட்டில் கடலின் அடையாளம் மறைந்து, ஆற்று மணலும் களியும் தோன்றுகின்றன. அங்கேதான் டைனோசார் எலும்புகள் கிடைத்தன. இறுதியாக நின்னியூரில் கடல் மறுபடி வருகிறது. ஆனால் அக்கடலில் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை; அதன் உறவினமான நாட்டிலஸ் மட்டும் உண்டு. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகட்கு முன் டைனோசார்களையும் அம்மோனைட்களையும் பூண்டோடு அழித்த மகாப் பிரளயத்தின் முன்னும் பின்னும், ஒரு நாள் வண்டிப் பயணத்துக்குள் அடங்கும் நிலப்பரப்பில் காணக் கிடக்கின்றன. இவ்வாறான பாக்கியம் பெற்ற தேசங்கள் உலகில் சிலவே.

கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்தை நம்மவர் பட்டுத் துணியில் வைத்து, துளசி சாத்தி ஆராதிக்கின்றனர். அதனுள் காணும் சக்கர ரேகை அம்மோனைட்டின் சுருளே என்பது இன்று சாஸ்திரம் அறிந்த உண்மை. அதே குலத்தைச் சேர்ந்த சுருளோடுகள் பெரம்பலூர் ஜில்லாவின் ஓடைகளில் கால்படக் கிடக்கின்றன. வடக்கே கிடைத்தால் பூஜைக்குரியது, நம் ஊரில் கிடைத்தால் சரக்கு வண்டிக்குரியது என்ற இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

அந்நியர் இதனை எவ்வாறு மதித்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். கே, கன்லிஃப் என்ற இருவர் இப்பிரதேசங்களில் திரட்டிய ஓடுகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்து 1846ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். 1851ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு, ஊர் ஊராக நடந்து அடுக்குகளை வகுத்துப் படம் வரைந்தார். மொரேவியாவில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா கல்கத்தாவில் இவ்வுயிரெச்சங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1873ஆம் ஆண்டோடு முடிவடைந்த பெரும் தொகுதிகளில் விவரித்தார். மறு ஆண்டே, 36ஆம் வயதில், லடாக்கின் மலைகளில் மாண்டார். அவர்க்குப் பின் ஆஸ்திரிய அறிஞர் கோஸ்மாத் 1890களில் அம்மோனைட்களை மறுபடி ஆராய்ந்தார். இவர்களை அனுப்பிய அரசாங்கத்தின் நோக்கம் வேறு என்பதை நாம் மறக்கவில்லை. நிலக்கரியும் உலோகமுமே அதன் நாட்டம். ஆயினும் இவ்வறிஞர்களின் உழைப்பில் பழுது கூறுதல் நன்றியறிதலாகாது.

அவ்வுழைப்பின் பயனாக நமது குக்கிராமங்களின் பெயர்கள் உலக சாஸ்திரத்தில் ஏறிவிட்டன. ஊட்டத்தூர், காரை, குலக்காநத்தம், ஆனைப்பாடி, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர் ஆகிய இவையெல்லாம் பாறைப் படிவங்களின் பெயர்கள். ஊட்டத்தூரின் பெயரால் 'உடாடூரிசெரஸ்' என ஓர் அம்மோனைட் இனமே வழங்குகிறது. தூர தேசத்து மாணாக்கன் தன் பரீட்சைக்காக இப்பெயர்களை உருப்போடுகிறான். சில்லக்குடியிலும் கல்லங்குறிச்சியிலும் பிறந்த பிள்ளைகளோ, தம் ஊர்ப் பெயர் இத்தகைய கீர்த்தி வாய்ந்தது என்பதை அறியாமலே பள்ளிப்படிப்பை முடிக்கின்றனர். இது யார் குற்றம்?

நம்மவர் இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்பதன்று. சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் 18 மீட்டருக்கும் நீண்ட மரத்தை 1940ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் தமிழரான எம். எஸ். கிருஷ்ணன். பின்னர் 1951ஆம் ஆண்டில் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. கல்லமேட்டில் 1929ஆம் ஆண்டில் மேட்லி என்ற ஆங்கிலேயர் தொடங்கிய டைனோசார் ஆராய்ச்சியை 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற நம் நாட்டு அறிஞர் இருவர் தொடர்ந்து, மாபெரும் எலும்புகளைக் கண்டு, அவ்விலங்குக்குப் பேருடல் என்ற பொருளமைந்த 'பிருகத்காயோசாரஸ்' என்னும் பெயரைச் சூட்டினர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்றால் முழு உருவத்தை வாசகர்களே எண்ணிக் கொள்க. பூமியில் நடந்த மிகப் பெரும் பிராணிகளுள் அது ஒன்றாகலாம் என்று இன்றும் அறிஞர் வாதிடுகின்றனர்.

அவர்கள் வாதிடுவதற்குக் காரணமுண்டு. அந்த எலும்புகள் இன்று இல்லை. களியிலும் மணலிலும் ஊறி, தொட்டால் உதிரும் நிலையிலிருந்த அவை, ஆய்வுக்கூடம் போய்ச் சேருமுன்னரே தம் உறைகளுக்குள் பொடியாய்ப் போயின என்ற செய்தி ஆராய்ச்சிக் கட்டுரை வாயிலாக வெளிவந்தது. எஞ்சியவை சில வரைபடங்களும் படங்களுமே. கண்டெடுத்தவர்களை நாம் குறை கூறோம். அத்தகைய எலும்பை மண்ணிலேயே பிசின் பாய்ச்சி இறுக்கி, உடையாமல் எடுத்து, உலர்த்திப் பேணும் கைத்திறனும் கருவியும் ஆய்வுக்களத்துக்கு அருகில் எப்போதும் ஆயத்தமாய் இருந்திருக்க வேண்டும். ஆறரைக் கோடி ஆண்டு பூமி காத்துக் கொடுத்த பொருளைச் சில காலம் காக்க நம்மால் இயலவில்லை. இதற்கு மாறாக, அதே கல்லமேட்டில் கிடைத்த ஒரு சிறு பல்லைக் கொண்டு, ட்ரூடோன்டிட் என்னும் டைனோசார்க் குடும்பம் இந்தியாவிலும் வாழ்ந்தது என்று இந்திய, அயல்நாட்டு அறிஞர் குழுவொன்று 2013ஆம் ஆண்டில் நிலைநாட்டிற்று. வடகண்டங்களுக்கே உரியதென எண்ணப்பட்ட குடும்பம் அது. காத்த பல் ஒன்று உலகின் கருத்தை மாற்றுகிறது. காவாத எலும்பு வெறும் கதையாகிறது. இதனினும் தெளிவான பாடம் வேறு வேண்டுமா?

அறியாமை மற்றொரு வகையிலும் கேடு செய்கிறது. 2020ஆம் ஆண்டில் பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில் உருண்டைக் கற்கள் சில வெளிப்பட்டபோது, அவை டைனோசார் முட்டைகள் என்ற வதந்தி கைப்பேசிகள் வழியே காட்டுத்தீயெனப் பரவிற்று. கடலடி வண்டல் ஓர் ஓட்டைச் சுற்றித் திரண்டு உருண்டையாவது இயற்கை என்று புவியியலார் விளக்க வேண்டியதாயிற்று. தம் ஊர் மண்ணைப் பற்றிப் பள்ளியில் பத்து வரி படித்திருந்தால் அந்த ஜனங்கள் மயங்கியிருக்க மாட்டார்கள். உண்மை அறியாத இடத்தில் வதந்தி குடியேறும். வதந்தி பொய்த்தபின் உண்மையின்மீதும் அலட்சியம் பிறக்கும்.

இனிச் சுரங்கங்களுக்கு வருவோம். 1939ஆம் ஆண்டில் கல்லக்குடியில் சிமெண்டு ஆலை தோன்றிற்று. 1979ஆம் ஆண்டில் அரியலூரில் சர்க்காரின் ஆலையே உற்பத்தியைத் தொடங்கிற்று. இன்று அரியலூரைச் சிமெண்டு நகரம் என்றே அழைக்கின்றனர். சிமெண்டின்றி அணையில்லை, பள்ளியில்லை, ஏழையின் வீட்டுக்குக் கூரையில்லை என்பதை நாம் அறிவோம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் பிழைப்பதையும் அறிவோம். சுரங்கம் வெட்டியமையாலேயே பல அடுக்குகள் கண்ணுக்குப் புலனாயின என்பதையும் நேர்மையுடன் ஒப்புக் கொள்ள வேண்டும். ஆகவே சுரங்கங்களை மூடுக என்று நாம் கூறவில்லை. ஒரு நூலகத்தை விலைக்கு வாங்கியவன், அதிலுள்ள ஒரே பிரதியான சுவடிகளையும் அடுப்பெரிக்கும் உரிமை பெற்றவனாவானா என்று மட்டுமே கேட்கிறோம்.

1953ஆம் ஆண்டில் கல்லக்குடியின் பெயரை மீட்பதற்காகத் தமிழ் இளைஞர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர்; சிறை சென்றனர்; உயிர்ப்பலியும் நேர்ந்தது. அப்போராட்டத்தைப் பற்றிய அபிப்பிராயங்கள் பலவாகலாம். அதன் உணர்ச்சியை எவரும் அலட்சியம் செய்ய முடியாது. ஊர் தன் பெயரைத் திரும்பப் பெற்றது. ஆனால் அவ்வூர்ப் பாறைக்குச் சாஸ்திர நூல்களில் இன்றும் டால்மியாபுரம் படிவம் என்றே பெயர். அது கிடக்கட்டும்; பெயரைப் பின்னர் மாற்றலாம். பாறையே போய்விட்டால் எதற்குப் பெயரிடுவது? பெயருக்காகத் தண்டவாளத்தில் படுத்த நாடு, அப்பெயருக்குரிய கல்லுக்காக ஒரு விண்ணப்பமேனும் எழுத வேண்டாமா?

சட்டத்தின் நிலையைச் சற்று ஆராய்வோம். அரசியல் சட்டத்தின் 49ஆம் ஷரத்து, தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததெனப் பார்லிமெண்டுச் சட்டத்தால் அறிவிக்கப்பட்ட கலை, சரித்திரச் சின்னங்களைக் காப்பது ராஜ்யத்தின் கடமை என்கிறது. அதற்கிணங்க அமைந்த 1958ஆம் ஆண்டின் புராதனச் சின்னங்கள் சட்டமோ, மனிதன் கட்டியதையும் செதுக்கியதையும் பொறித்ததையும் நோக்கி எழுதப்பட்டது. நூறு ஆண்டு நின்ற கட்டிடத்துக்கு அதில் இடமுண்டு. பத்துக் கோடி ஆண்டு நின்ற கடலடிக்கு எளிதில் இடமில்லை. மறுபுறம், 1957ஆம் ஆண்டின் சுரங்க, கனிமச் சட்டத்தின் கண்ணுக்கு இப்பாறை சுண்ணாம்புக்கல்லே. டன் கணக்கில் நிறுத்து, ராயல்டி செலுத்தி, எடுத்துச் செல்ல வேண்டிய சரக்கு. சாத்தனூர் மரத்தையும் காரைப் பள்ளங்களையும் தேசியப் புவியியல் சின்னங்கள் எனப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்துள்ளது உண்மை. ஆனால் அந்த அறிவிப்பு ஒரு கௌரவப் பட்டமே. மீறியவனைக் கூண்டிலேற்றும் தனிச் சட்டம் அதன் பின்னால் நிற்கவில்லை. இக்குறையைத் தீர்க்க மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் புவிமரபுச் சின்னங்கள் மசோதா ஒன்றின் வரைவை வெளியிட்டது. அத்தகைய சட்டம் வேண்டத்தக்கதே. ஆயின் டில்லியில் மசோதா நடக்கும் வேகத்தையும், சுரங்கத்தில் யந்திரம் நடக்கும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர், அதற்காகக் காத்திருக்கும்படி நமக்கு யோசனை கூறமாட்டார்.

காத்திருக்க வேண்டுவதும் இல்லை. மாகாண சர்க்காரின் கையிலேயே ஓர் ஆயுதம் உள்ளது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம், 37ஆம் பிரிவு, உள்ளூர் ஸ்தாபனங்களைக் கலந்துகொண்டு உயிரியற் பாரம்பரியத் தலங்களை அறிவிக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்கே அளித்துள்ளது. அத்தலங்களுக்குத் தேசிய ஆணையம் வகுத்த இலக்கணத்தில், பண்டை உயிர்ச் செழிப்பைக் காட்டும் புதைபடிவப் படுகைகளும் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டுள்ளன. இதே பிரிவின்கீழ்த்தான் மதுரை ஜில்லா அரிட்டாபட்டி 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூரை உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்க உரிமை 2024ஆம் ஆண்டில் ஏலத்தில் விடப்பட்டபோது கிராமத்தார் திரண்டெழுந்தனர். 2025 ஜனவரியில் அவ்வேலம் ரத்தாயிற்று. அறிவிப்பு மட்டும் அதனைச் சாதித்ததென்று கூறோம். ஜனங்களின் உறுதியே சாதித்தது. ஆனால் அவ்வுறுதி ஊன்றி நிற்க அறிவிப்பு ஒரு தரையாக உதவிற்று. அரிட்டாபட்டிக்கு ஆனது காரைக்கும் கல்லமேட்டுக்கும் ஏன் ஆகலாகாது?

ஆகவே நாம் சர்க்காரைக் கேட்பவை நான்கு. காரைப் பள்ளங்கள், கல்லமேட்டு எலும்புப் படுகை, கல்லங்குறிச்சியின் சிப்பிப் பாறையில் ஒரு பகுதி, நின்னியூரில் பிரளய எல்லையைக் காட்டும் இடம் ஆகியவற்றை 37ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல் முதலாவது. இயங்கும் சுரங்கம் ஒவ்வொன்றிலும் அடுக்குகள் முழுதும் தெரியும் ஒரு வெட்டு முகத்தை அழிக்காமல் விடவும், எலும்போ முழு ஓடோ வெளிப்பட்டால் வேலையை நிறுத்தி அறிவிக்கவும் குத்தகை நிபந்தனை விதித்தல் இரண்டாவது. வாரணவாசியில் அமைந்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தோடு இணைத்து, எலும்புகளைப் பக்குவப்படுத்தும் ஆய்வுக்கூடமும், எந்நேரமும் களத்துக்குப் புறப்படத்தக்க பயிற்சி பெற்ற சிறு படையும் ஏற்படுத்துதல் மூன்றாவது. இம்மூன்று ஜில்லாக்களின் பள்ளிகளில் இவ்வூர்ப் பாறைகளின் வரலாற்றைத் தமிழில் பாடமாக வைத்தல் நான்காவது.

பணத்துக்கு எங்கே போவது என்பார் உளர். சுரங்கக் குத்தகையாளர் ராயல்டியோடு ஒரு பங்கை ஜில்லாக் கனிம நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் நலனுக்கென்றே அமைந்த அந்நிதியின் நோக்கங்களுள் கல்வியும் ஒன்று. வெட்டியெடுத்த கல்லின் வருவாயில் ஒரு துளியைக் கொண்டு எஞ்சிய கல்லைக் காத்தல் தர்மமேயன்றித் தானமன்று. குடியானவரின் நிலம் பறிபோகுமோ என்ற அச்சம் நியாயமானது. அதற்கும் அதே 37ஆம் பிரிவு விடை கூறுகிறது. அறிவிப்பினால் பொருளாதார நஷ்டம் அடைவோர்க்கு ஈடு செய்யும் திட்டத்தை மாநில சர்க்கார் வகுத்தே தீர வேண்டும். ஆகையால் சிமெண்டுக்கும் சாஸ்திரத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அவசியம் நமக்கு நேரவில்லை. சுண்ணாம்புக்கல் நிறைந்த பரப்பு பெரிது. நாம் காக்கக் கேட்பது அதில் சில ஏக்கர்களே.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தேசம் என்பது வரைபடத்துக் கோடுமன்று, கொடியுமன்று. நமது காலடியில் உள்ள நிலமே அது. அந்நியர் ஆண்டபோது, நமது செல்வத்தை அவர்கள் கொண்டு போகின்றனர் என்று முழங்கினோம், அது நியாயமே. 1947க்குப் பின் அந்தச் சமாதானம் நமக்கில்லை. இனி இழப்பதெல்லாம் நம் கையால் இழப்பது. காப்பதெல்லாம் நம் கையால் காப்பது. சாத்தனூர் மரத்தின்மீது பெயரைக் கீறிச் செல்பவனைத் தடுக்கவும், ஓடையில் கண்டெடுத்த அம்மோனைட்டை அலமாரி அழகுக்காக விலைக்கு விற்பவனைத் திருத்தவும் சட்டசபை கூட வேண்டியதில்லை. கிராம சபை கூடினால் போதும். அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களின் கிராம சபைகள் அடுத்த கூட்டத்திலேயே, தம் எல்லைக்குள் உள்ள படுகையைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றிச் சென்னைக்கு அனுப்புக. உள்ளூர் ஸ்தாபனங்களைக் கலந்தே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லுமிடத்து, அந்த ஸ்தாபனங்கள் தாமே முன்வந்து வாய் திறந்தால் சர்க்கார் கேளாதிருத்தல் எளிதன்று.